பன்னிரண்டாயிரத்துக்குள்

விடியும் முன்னே மெட்ரோவின் முதுகில்
வயரிங் கம்பி ஒன்றை வளைத்து அழுத்தினேன்.
(ரயிலுக்கு ரோட்டைத் தோண்டிய வருடம் வாங்கிய குதிரை.
அதனால் அந்தப் பெயர்.)
தோள் எலும்பு அசையும் இடத்தை விட்டு
இரண்டு விரல் பின்னால்.
வளைவு கலையாமல் எடுத்து
ஃபிரிட்ஜ் வந்த அட்டையில் கோடிழுத்து வெட்டினேன்.
கவிழ்த்துப் பிடித்தால் பரங்கிமலை,
நிமிர்த்தினால் கிண்ணம்.

பன்னிரண்டு பி-யில் பக்கத்தில் நின்றவர் கேட்டார்:
"பையன் ஸ்கூல் ப்ராஜெக்டா?"
"முதுகு" என்றேன்.
கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

பன்னிரண்டாயிரம், பவுலின் சீட்டெடுத்த பணம்.
எண்ணிக் கொடுக்கும்போது
"பிடிக்க ஒண்ணு இருக்கணும்" என்றாள், அவ்வளவுதான்.
போன மாதம் விழுந்தது அந்தப் பிள்ளை.
மணலில்தான். அழக்கூட இல்லை.
எங்கள் பழைய சேணம் ரேஸ் கோர்ஸில் கழித்தது,
உள்ளங்கை அகலம், முன்பக்கம் மொழுமொழுவென்று.
சரியும்போது அந்தச் சின்னக் கை
காற்றில் எதையோ தேடியது.
அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

சாலிகிராமத்தில் பூவராகனின் குடோன்.
சிம்மாசனம், பீரங்கி, பிளாஸ்டிக் மண்டையோடு,
எல்லாம் நாள் வாடகைக்கு.
கௌபாய் சேணம் மூன்று, விலைக்கு.
எந்தப் படத்துக்கு வந்தவை என்று
அவருக்கே நினைவில்லை.

முதலாவதில் வெள்ளிக் குமிழும் ரோஜாப் பூவும்.
மோந்து பார்த்தேன். ரெக்ஸின்.
இரண்டாவது உறை பிரிக்காதது, எட்டாயிரம்.
முழங்காலில் கவிழ்த்து
முன்னையும் பின்னையும் சேர்த்து அமுக்கினேன்.
உள்ளே சட்டம் க்ரிச் என்றது.
"புதுசு சார் அது!"
"புதுசாவே உடைஞ்சிருக்கு."

மூன்றாவது சிம்மாசனத்துக்குப் பின்னால் கிடந்தது,
பச்சைப் பூஞ்சை பிடித்து.
அடிக் கம்பளியில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.
அமுக்கினேன், சத்தமில்லை.
கொம்பைப் பிடித்து ஆட்டினேன், நான்தான் ஆடினேன்.
வாரை மடித்தேன், வெடிக்கவில்லை.
அட்டையை உள்வளைவில் செருகினேன்.
பக்கவாட்டில் வெளிச்சம் நுழைய இடமில்லை,
உச்சியில் மட்டும் மூன்று விரல் காற்று.
முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு. ஃபாரின் சரக்கு."
"எலி தின்னதுக்கு ஆயிரம் கழிங்க,
தையல் விட்டதுக்கு ஐநூறு,
பூஞ்சைக்கு..."
"பூஞ்சைக்கு நான் என்னய்யா பண்ணுவேன்?
மெட்ராஸ் காத்து!"
இரண்டு டீ ஆறிப் போனபின்
பத்தரைக்கு வந்தார்.

கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
"குதிரை எங்கே?"
"பீச்சுல நிக்குது."
டிக்கெட்டைக் கிழிக்க முடியாமல் சிரித்தார்.

மிச்சம் ஆயிரத்து ஐநூறில்
பல்லாவரத்தில் தையல், புதுக் கம்பளி, இடுப்பு வார்.
அங்கவடி ஒன்றின் துருவை
நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
மூன்று ராத்திரி மெல்லிசாய் எண்ணெய்.
வீடு முழுக்கத் தோல் வாசம்,
சோற்றிலும்.

சோதனைக்குச் சுமை வேண்டும். மணல் மூட்டை பேசாது.
இத்தனை வருடத்தில் குதிரை ஏறாத பவுலின்
நைட்டிக்கு மேல் என் பேன்ட்டை மாட்டி ஏறினாள்.
கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்,
பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல.
கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினோம்.
"பிடி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.
இறங்கச் சொன்னேன். இன்னொரு முறை போகலாம் என்றாள்.

சேணத்தை அவிழ்த்து டார்ச் அடித்தோம்.
முதுகில் வேர்வை இருபுறமும் ஒரே ஈரமாய்.
வலது தோளுக்குக் கீழே மட்டும்
எட்டணா அளவு
காய்ந்து கிடந்தது.
அங்கேதான் அழுத்துகிறது.
மெட்ரோ சொல்லவில்லை,
காதை மட்டும் ஒருமுறை மடக்கியது.

ராட்டினத்தடியில் பிள்ளைகள் சேரத் தொடங்கியிருந்தார்கள்.
"இன்னிக்கு சவாரி இல்ல கண்ணுங்களா" என்றாள் பவுலின்.
நான் அட்டையை எடுத்து
வலது ஓரத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.